ஸ்பேனர் குறடு அல்ல

மோட்டார், பம்ப்செட், தையல் மெஷின் என்று எதை வாங்கினாலும் கூடவே வரும் தமிழ்த் தாளில் இப்போதெல்லாம் இப்படி ஒரு வரி கண்ணில் படுகிறது: "13 மி.மீ. குறடு கொண்டு நட்டை இறுக்கவும்." குறட்டில் ஏது 13? கும்பகோணத்து ஹார்டுவேர்ஸ் கடையில் இப்படிக் கேட்டுப் பாருங்கள், கடைப்பையன் உங்களை ஏற இறங்கப் பார்ப்பான். அவர்கள் சொல்ல வந்தது ஸ்பேனர். மொழிபெயர்க்கும் கணினி அதைக் குறடு என்று துப்புகிறது; திருத்த உட்கார்ந்தவர் பட்டறைப் பக்கமே போகாதவர்.

ஸ்பேனர் என்ற பெயர் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. 'ஸ்பானன்' என்றால் இழுத்து முறுக்கேற்றுவது. 17ஆம் நூற்றாண்டில் சக்கரம் உரசிப் பொறி கிளப்பும் சக்கரப்பொறித் துப்பாக்கியின் ஸ்பிரிங்கை முடுக்கும் கருவிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இருந்தது. அமெரிக்கர் சொல்லும் ரெஞ்சுக்கும் முறுக்குதல் என்பதே வேர். இரண்டிலும் கவ்வுகிற பேச்சே இல்லை.

குறடோ கவ்வுவதற்கென்றே பிறந்தது. கொல்லர் பழுத்த இரும்பைப் பிடிப்பதும் தட்டார் கம்பி இழுப்பதும் அதில்தான்; நம் வீட்டுக் கட்டிங் பிளேயரும் குறடுதான். இரண்டு தாடை, நடுவே ஓர் ஆணி, கை கொடுக்கும் அழுத்தம்தான் பிடி. அந்த ஆணியைச் சுற்றி வாய் திறப்பதால், கத்தரிக்கோல் மாதிரி, தாடைகள் இணையாக நிற்பதில்லை. நட்டின் தட்டையான பட்டையில் முழுக்கப் படியாமல் முனைகளில் மட்டும் கடிக்கும். தாளை நம்பிக் குறட்டை எடுத்தவர் இரண்டு முறை வழுக்கவிட்டால் போதும், ஆறு முனையும் மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும். அப்புறம் சரியான ஸ்பேனரும் பிடிக்காது. ஆகவே இதை வெறும் சொல் சண்டை என்று தள்ள முடியாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: பைப் ரெஞ்சு. பல் வைத்து, இழுக்க இழுக்க இறுகிக் கவ்வும் அதைக் குழாய்க்குறடு என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

சரி, ஸ்பேனருக்குத் தமிழில் என்ன? முடுக்கி என்பார் சிலர். நட்டை முடுக்குகிறோம் என்பது நல்ல பேச்சு வழக்குதான். ஆனால் பள்ளிப் புத்தகத்தில் முடுக்கம் வேக மாற்றத்துக்குப் போய்விட்டது, துகள் முடுக்கி என்று ஆராய்ச்சிக்கூடமே இருக்கிறது. மரைதிருகி? மரை என்பது திருகில் ஓடும் புரி. நாச்சியார்கோயில் குத்துவிளக்கைக் கழற்றிப் புளி போட்டுத் துலக்கி மாட்டுகிறவர்களுக்கு மரை என்றால் என்னவென்று பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் ஸ்குரூவிலும் மரைதானே இருக்கிறது? மரைதிருகி என்றால் ஸ்குரூடிரைவரா ஸ்பேனரா? ஸ்குரூடிரைவருக்குத் திருப்புளி என்ற அருமையான சொல் ஏற்கெனவே உண்டு, திருப்புகிற உளி. (உளி என்றதும் சுத்தியலால் அடிக்காதீர்கள், நுனி உதிரும்.)

என் ஓட்டு திருகுசாவிக்கு. சாவி போர்த்துகீசியச் சொல், திறவுகோல் என்று எழுது என்பார் தூய தமிழன்பர். போர்த்துகீசியரே ஸ்பேனரையும் 'சாவி' என்றுதான் சொல்கிறார்கள், ஜெர்மானியரும் திருகாணிச் சாவி என்கிறார்கள். பூட்டுக்கு ஏற்ற சாவி, நட்டுக்கு ஏற்ற வாய். அளவு தப்பினால் வேலைக்கு ஆகாது என்பது பெயரிலேயே இருக்கிறது. டெல்டா விவசாயி சாவி என்றதும் மணி பிடிக்காத நெல்லை நினைப்பார்தான். முன்னால் 'திருகு' இருப்பதால் குழப்பம் வராது. அதுவும் பிடிக்காவிட்டால் ஸ்பேனர் என்றே எழுதித் தொலையுங்கள். பொருள் புரியாத தமிழைவிடப் புரிகிற கடன்சொல் மேல்.

அளவு விஷயத்துக்கு வருவோம். மில்லிமீட்டர் திருகுசாவியில் அடித்திருக்கும் எண் நட்டின் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடைப்பட்ட தூரம், போல்ட்டின் தடிமன் அல்ல. 6 மி.மீ. போல்ட்டுக்கு 10ஆம் நம்பர். 8க்கு 13, ஜப்பான் வழி வந்த பைக் என்றால் 12. பழைய லிஸ்டர் வகை டீசல் எஞ்சினில் இஞ்சு நட்டு இருக்கும், மில்லிமீட்டர் சாவியைப் போட்டு நெம்பாதீர்கள். காசு கம்மியென்றால் முழு செட் வேண்டாம்: 10-11, 12-13, 14-15, 16-17 டபுள் எண்டு (இரு முனையிலும் திறந்த வாய்), அதே அளவில் ரிங்கு (நட்டைச் சுற்றி வளைத்துப் பிடிப்பது). குரோம் வனேடியம் (உறுதியான எஃகு) என்று அச்சிட்டிருந்தாலும் புது நட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மாட்டி ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வைத்துவிடுங்கள். இறுகின நட்டைக் கழற்ற எப்போதும் ரிங்கு, தளர்ந்த பிறகு டபுள் எண்டு. டபுள் எண்டின் வாய் 15 டிகிரி சாய்ந்திருப்பது காரணத்தோடுதான்; இடம் இல்லாத மூலையில் கவிழ்த்துக் கவிழ்த்துப் போட்டால் 30 டிகிரி வீசவே இடம் போதும்.

வாய் விரிந்த சாவியைக் காய்ச்சி அடித்துச் சுருக்குவார் சிலர். கூடாது, கடினப்பதம் போய் அடுத்த இழுப்பிலேயே மறுபடி விரியும். விரிசல் இல்லாமல் இருந்தால் தட்டை அரத்தால் இரு பக்கமும் சமமாக ராவி, விரிந்த 12ஐ 13 ஆக்கலாம். கிரைண்டர் என்றால் அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். இரும்பு நீலம் பூத்தால் பதம் போச்சு.

வாயைக் கூட்டிக் குறைக்கிற ஸ்குரூ ஸ்பேனர் நாகை, வேதாரண்யம் உப்புக்காற்றில் சீக்கிரம் இறுகும். பக்கவாட்டுத் திருகைக் கழற்றினால் தாடையை நகர்த்தும் புழுத்திருகும் சின்ன ஸ்பிரிங்கும் வெளியே வரும், ஸ்பிரிங் தெறித்து ஓடாமல் கை வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பல்லிடுக்கைத் தேய்த்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டலாம். நட்டில் போடும்போது இழுப்பின் பாரம் அசையாத தாடையில் விழுகிற பக்கமாகப் பிடியுங்கள். மாற்றிப் பிடித்தால் அசையும் தாடை ஆடி ஆடிப் புழுத்திருகின் பல்லைத் தின்றுவிடும், அந்தத் திருகு தனியாகக் கிடைப்பது அபூர்வம்.