கம்ப்ரெஸ்: சுருக்கல் வேறு, இறுக்கல் வேறு

படக்கோப்பு பிடிக்கும் இடத்தைக் குறைப்பதைக் கம்ப்ரெஸ் செய்வது என்கிறோம். லத்தீனில் ‘ப்ரெமெரெ’ என்றால் அழுத்துதல். ‘கொம்’ என்ற முன்னொட்டு ஒன்றுசேர்ப்பதைக் குறிக்கும். குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் கம்ப்ரெசரும் இதே வேரில் பிறந்ததுதான். காயத்தின் மேல் வைத்து அழுத்தும் துணிக்கும் ஆங்கிலத்தில் இதுவே பெயர்.

தமிழில் அமுக்கம், சுருக்கம், இறுக்கம் என்று மூன்று சொற்கள் இதற்குப் பொருந்துகின்றன. மூன்றுக்கும் தன்வினை பிறவினை இணை உண்டு: அமுங்கு–அமுக்கு, சுருங்கு–சுருக்கு, இறுகு–இறுக்கு. வேர்ப்பொருளுக்கு மிக நெருக்கமானது அமுக்கம். ஆனால் இலங்கைத் தமிழில் அது அழுத்தத்தைக் குறிக்க நிலைத்துவிட்டது. ‘தாழமுக்கம்’ என்று வானிலை அறிக்கையில் வருவது அதுவே. சுருக்கம் பரவலாகப் புழங்கினாலும், படத்தின் நீள அகலத்தைக் குறைப்பதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். இரண்டும் வெவ்வேறு வேலை. நீள அகலத்தைக் குறைப்பதைச் சுருக்கல் என்றும், கம்ப்ரெஸ் செய்வதை இறுக்கல் என்றும் பிரித்துச் சொன்னால் குழப்பம் தீரும்.

கணக்கைப் பாருங்கள். 4000×3000 அளவுள்ள படத்தில் 1.2 கோடிப் புள்ளிகள் (பிக்சல்). புள்ளிக்கு 3 பைட் வீதம் 3.6 கோடி பைட், அதாவது 36 எம்பி (மெகாபைட்). கேமரா தரும் ஜேபெக் (JPEG) வகைப் படக்கோப்போ பெரும்பாலும் சில எம்பிதான், ஏனென்றால் இறுக்கல் கேமராவுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அதே படத்தை 1200×900 ஆகச் சுருக்கினால் மிஞ்சுவது 10.8 லட்சம் புள்ளிகள், ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு. இணையப் பக்கத்தில் 800 புள்ளி அகலத்தில் தெரியப்போகும் படத்தை 4000 புள்ளியிலேயே விட்டுவிட்டு, இறுக்கலை மட்டும் நம்பினால் பக்கம் வேகமாகத் திறக்காது. முதலில் சுருக்க வேண்டும், பிறகுதான் இறுக்க வேண்டும்.

இறுக்கலில் இரு வகை. பிஎன்ஜி (PNG) என்ற படக்கோப்பு வகை செய்வது இழப்பிலா இறுக்கல்: திரும்பத் திரும்ப வரும் தரவைக் குறுகக் குறித்துவைக்கும், திறக்கும்போது ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் இழப்புள்ளது. படத்தை 8×8 கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் உணராத நுண்ணிய மாற்றங்களைத் தோராயமாக்கிவிடும். சேமிக்கும்போது மென்பொருள் கேட்கும் தர அளவை 75 முதல் 85 வரை வைத்தால் பெரும்பாலான ஒளிப்படங்களுக்குப் போதும். மென்பொருளுக்கு மென்பொருள் இந்த எண் சற்று மாறும். 100 வைத்தால் கோப்பு பெருத்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மிகவும் குறைத்தால் வானம் போன்ற வழவழப்பான பகுதிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துள்ள திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) ஜேபெக்காகச் சேமித்தால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஆகும், கூர்மையான விளிம்புகளைக் காக்க அந்த முறையால் முடியாது. அதற்குப் பிஎன்ஜிதான் சரி. கூகுள் 2010இல் அறிமுகப்படுத்திய வெப்பி (WebP) என்ற கோப்பு வகை இப்போது இரண்டு வகையிலும் இறுக்கும்.

ஜேபெக் படத்தை ஜிப் செய்வதில் பலன் இல்லை. ஏற்கெனவே இறுகிய கோப்பில் ஜிப் மேலும் இறுக்கப் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது. ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் இழப்பும் சேர்ந்துகொண்டே போகும். போன விவரம் திரும்பாது. அதனால் மூலப்படத்தைத் தனியே வைத்துவிட்டு நகலில்தான் கைவைக்க வேண்டும்.