சவப்பெட்டியை மேலே தள்ளும் மண்

ஆர்க்டிக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கும் வாசகர் ஒருவர், கப்பலேறுவதற்கு முன் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்யியர்பியன் நகரில் தங்கப்போவதாகவும், அந்த ஊரில் இறப்பதற்குச் சட்டப்படி தடை இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். அப்படியொரு சட்டம் கிடையாது. ஆனால் அங்குள்ள கல்லறையில் சவப்பெட்டிகளைப் புதைக்கும் வழக்கம் 1950 வாக்கில் கைவிடப்பட்டது உண்மைதான். அதற்கான காரணம் அந்த ஊர் மண்ணில் இருக்கிறது.

வட அட்சரேகை 78 பாகையில், 1906இல் நிலக்கரிச் சுரங்கத்துக்காக உருவான ஊர் அது. அங்கே நிலம் பள்ளத்தாக்குகளில் சுமார் 100 மீட்டர் ஆழம் வரையும், மலைகளில் அதைவிடப் பல மடங்கு ஆழம் வரையும் ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கிறது. மேலே உள்ள ஏறத்தாழ ஒரு மீட்டர் அடுக்கு மட்டும் கோடையில் இளகிக் குளிர்காலத்தில் மீண்டும் உறைகிறது. அப்படி உறையும்போது அந்த மண் மேலெழும்புகிறது.

உறையும் நீர் 9 விழுக்காடு விரிவடைகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். மண் மேலெழும்புவதற்கும் அதுவே காரணம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீஃபன் டேபர் இதைச் சோதிக்க, நீருக்குப் பதிலாக, உறையும்போது சுருங்கும் பென்சீனை மண்ணில் ஊறவிட்டுக் குளிரூட்டினார். அப்போதும் மண் மேலெழும்பியது! எனக்கு இயற்பியலில் மிகப் பிடித்த சோதனைகளுள் இது ஒன்று: விலை மலிவு, வாதத்துக்கு இடமே வைக்கவில்லை.

நடப்பது இதுதான். மண்துகளின் பரப்பை ஒட்டிய மிக மெல்லிய நீர்ப்படலம் பூச்சியம் பாகைக்குக் கீழேயும் உறையாமல் நிற்கிறது. அதன் ஒரு பகுதி அருகிலுள்ள பனிக்கட்டியோடு சேர்ந்து உறைந்ததும் படலம் மெலிகிறது. மெலிந்த படலம் தன் தடிமனை மீட்டுக்கொள்ள, இன்னும் உறையாத பகுதியிலிருந்து, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல நீரை இழுக்கிறது. வந்த நீரும் உறைகிறது, படலம் மறுபடி மெலிகிறது, இழுப்பு தொடர்கிறது. இப்படி வளரும் தெளிந்த பனிக்கட்டி வில்லைகள் தமக்கு மேலுள்ள மண்ணைத் தூக்கிவிடுகின்றன. உறைந்த வண்டலை வெட்டிப் பார்த்தால், சேற்று அடுக்குகளுக்கிடையே அவை கண்ணாடிக் கீற்றுகளாக வரிவரியாகத் தெரியும். சரளையில் இது நடப்பதில்லை. துகள்கள் பெரிதாக இருந்தால் இழுக்கும் விசை போதாது.

மேலெழும் மண், தன்னோடு இறுகிப்போன கல்லையும் பெட்டியையும் கூடவே தூக்குகிறது. அடியில் உண்டாகும் வெற்றிடத்தில் சேறு புகுந்துவிடுவதால், கோடையில் மண் தாழ்ந்தாலும் பெட்டி பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. ஆண்டுக்குச் சிறிது சிறிதாக ஏறி, ஒருநாள் வெளியே வந்துவிடக்கூடும். 1918 பெருங்காய்ச்சலில் இறந்து இங்கே புதைக்கப்பட்ட ஏழு இளைஞர்களின் உடல்களில் அந்த வைரஸைத் தேடி 1998இல் தோண்டியவர்கள், பெட்டிகளைக் கண்டது ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில், இளகி உறையும் அடுக்குக்குள்ளேதான். உறைந்து கெடாத உடல்கள் கிடைக்கும் என்ற நம்பிக்கை அத்தோடு போயிற்று.

வீடுகளுக்கும் இதே சிக்கல் உண்டு. அவற்றின் தூண்களை இளகும் அடுக்கைத் தாண்டி ஆழத்தில் இறக்கினால், கீழே உறைந்த மண்ணின் பிடி மேலே உள்ள தூக்குவிசையை வெல்கிறது. வீட்டுத் தரைக்கும் நிலத்துக்கும் நடுவே காற்றோட விடும் இடைவெளி, அடுப்பின் சூடு மண்ணை இளக்காமல் தடுக்கிறது. தண்ணீர்க் குழாய்கள் தரைக்கு மேலே ஓடுவதும் இதனால்தான். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும்போதே பார்க்கலாம்.

இப்போது அந்தப் பிடியே தளர்கிறது. அருகே ஜான்சன்ஹாகன் குன்றில் 1998இல் தோண்டிய 102 மீட்டர் ஆழ்துளையின் வெப்பமானிகள், நிலம் ஆழத்திலும் சூடாகி வருவதைப் பதிவு செய்கின்றன. ஒரே குழியில் கால் நூற்றாண்டாக வெப்பநிலையைக் குறித்துவைப்பது விருது வாங்கித் தரும் வேலையன்று. அதே ஸ்வால்பார்டிலுள்ள நி-ஆலெசுண்ட் என்ற ஊரில் 2008 முதல் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தை நடத்தும் இந்தியா, உறைந்த மண் தன் லடாக்கிலும் இருப்பதை நினைவில் வைத்து, அங்கும் இத்தகைய நீண்டகால அளவீட்டுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.