மில்லிக்கு 2 ராண்ட் 90 சென்ட்: வேப் வரி எதை அளக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மகன் வேப் (மின்சிகரெட்) இழுக்கிறான். கேட்டால், ‘இதில் புகையிலையே கிடையாது, வெறும் நீராவிதான்’ என்கிறான். நீராவிக்கு அரசு ஏன் வரி போடுகிறது, ஏன் சட்டம் கொண்டுவருகிறது?”

மகன் சொல்வதில் பாதி சரி. அதற்குள் இலை எதுவும் எரிவதில்லை. எரியாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டில் வரும் அளவுக்கு வருவதில்லை. ஏற்கெனவே புகைப்பவர் சிகரெட்டை முழுவதுமாக விட்டுவிட்டு இதற்கு மாறினால் அவருக்கு லாபம்தான். நிகோடின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் ஆகியவற்றைவிட மின்சிகரெட்டால் புகையை விட்டவர்கள் அதிகம் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆனால் அந்த லாபம், இதுவரை எதையுமே புகைக்காத பள்ளி மாணவனுக்குப் பொருந்தாது. கேப்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 52 உயர்நிலைப் பள்ளிகளில் 25,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கேட்டபோது ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் வேப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள்.

அடுத்து, அது நீராவியும் அல்ல. கருவிக்குள் 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சுத் திரி. சுருளின் மின்தடை 1.2 ஓம் என்றால் சுமார் 3 ஆம்பியர் ஓடும், 11 வாட் வெப்பம் கிடைக்கும். திரி உறிஞ்சிக் கொடுக்கும் திரவத்தில் புரோபிலின் கிளைக்காலும் கிளிசரினும்தான் பெரும்பங்கு. முன்னது 188 டிகிரியிலும் பின்னது 290 டிகிரியிலும் கொதிக்கும். ஆவி சுருளை விட்டு விலகியதுமே குளிர்ந்து, ஒரு மைக்ரானுக்கும் குறைந்த துளிகளாக மாறுகிறது. வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிவது இந்தத் துளிகள்தான். ஹப்ளி எனப்படும் ஹூக்காவில் புகை தண்ணீருக்குள் போய் வருவதால் சுத்தமாகிவிடும் என்று கல்யாண வீட்டில் சொல்வார்களே, அந்த நம்பிக்கைக்கும் இந்த ‘நீராவி’க்கும் பெரிய வித்தியாசமில்லை.

திரி காய்ந்தால் கதை மாறும். உறிஞ்சிக்கொள்ளத் திரவம் இல்லாததால் சுருளின் வெப்பம் மளமளவென்று ஏறும். கிளிசரின் நீரை இழந்து அக்ரோலின் ஆகும். எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்க வைப்பதும் இதுதான். கிளைக்காலிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும். புதுச் சுருள் மாட்டினால் திரவம் ஊற்றி ஐந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும் என்பது இதனால்தான். கருகல் வாடை வந்த சுருளைத் தூக்கிப்போட வேண்டும். ‘கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்’ என்று தொடர்ந்து இழுக்கக் கூடாது.

இதெல்லாம் பொறியியல். சட்டம் கவனிக்க வேண்டிய இடம் நிகோடினின் வேதியியலில் இருக்கிறது. அது அழகான விஷயமும்கூட.

நிகோடின் மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று சூழலைப் பொறுத்து ஒரு புரோட்டானைப் பற்றிக்கொள்ளும், அல்லது விட்டுவிடும். புரோட்டான் இல்லாதபோது நிகோடின் கட்டற்ற காரம்: எளிதில் ஆவியாகும், கொழுப்புச் சவ்வுகளைத் தாண்டும், தொண்டையில் சுரீரென்று குத்தும். பற்றிக்கொண்டால் அது உப்பு: ஆவியாகாமல் துளிக்குள்ளேயே கிடக்கும், தொண்டைக்கு உறைக்காது. எது நடக்கும் என்பதைச் சொல்வது பி.எச்., அதாவது அமில-கார அளவு; அது குறையக் குறைய அமிலம் அதிகம். பி.எச். 8-ஐ ஒட்டி இரண்டும் பாதிக்குப் பாதி. அதிலிருந்து ஒவ்வோர் எண் இறங்கும்போதும் கட்டற்றதன் விகிதம் பத்தில் ஒன்றாகும். பி.எச். 5-க்கு வந்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு மூலக்கூறுதான் கட்டற்று இருக்கும்.

ஆரம்பகால வேப் திரவங்களில் இருந்தது கட்டற்ற நிகோடின். மில்லிக்கு 20 மி.கி. தாண்டினாலே பெரும்பாலோருக்கு இருமல் வந்துவிடும். அதாவது தொண்டையே ஓர் உச்சவரம்பு போட்டிருந்தது. 2015-இல் அமெரிக்காவில் வந்த ஜூல் என்ற மின்சிகரெட் அந்த வரம்பை அகற்றியது. அவர்கள் சேர்த்தது பென்சாயிக் அமிலம். ஊறுகாய் கெடாமலிருக்கப் போடும் சோடியம் பென்சோயேட் இதன் உப்புதான். அமிலம் புரோட்டானைக் கொடுக்க, நிகோடின் உப்பாக, மில்லிக்கு 59 மி.கி. இருந்தும் இதமாக இறங்கியது.

உப்பு சவ்வைத் தாண்டாது என்றால் இரத்தத்தில் எப்படிக் கலக்கிறது? நுரையீரலின் உள்ளே பி.எச். 7.4. துளி அங்கே போய் விழுந்ததும் அமிலம் அடங்கிவிடும். உடனே ஐந்தில் ஒரு பங்கு நிகோடின் கட்டற்றதாகிச் சவ்வைத் தாண்டும். அது போனதும் சமநிலை குலைகிறது. ஈடுகட்ட மிச்சத்திலிருந்து இன்னொரு பங்கு விடுபடுகிறது, அதுவும் தாண்டுகிறது. பள்ளியில் படித்த லெ சாட்லியே தத்துவம்தான். சில நொடிகளில் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தத் தந்திரம் புதிதல்ல. சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. ஆகவே சுருட்டுக்காரர் அதை வாயில் வைத்திருந்து விடுகிறார். வெப்பக் காற்றில் பதப்படுத்திய சிகரெட் இலையின் புகை சற்று அமிலம். ஆகவே நெஞ்சுக்குள் இழுக்க முடிகிறது. வெற்றிலையோடு புகையிலை போடும்போது தடவும் சுண்ணாம்பு இதையே திருப்பிச் செய்கிறது: வாயின் பி.எச். ஏறி, நிகோடின் கட்டற்றதாகிக் கன்னத்தின் உட்தோல் வழியே இரத்தத்துக்குப் போகிறது. தென்னாப்பிரிக்காவில் மூக்குப்பொடியோடு சாம்பல் கலப்பதும் அதே கணக்குத்தான்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1993-இன் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. மின்சிகரெட்டையும் சேர்க்கும் வரைவு 2018-இல் வந்தது, மசோதாவாக நாடாளுமன்றத்துக்குப் போனது 2022 டிசம்பரில். 18 வயதுக்குக் கீழே விற்பனைத் தடை, விளம்பரத் தடை, கடையில் காட்சிக்கு வைக்கத் தடை என்று சிகரெட்டுக்கு உள்ளதெல்லாம் இதற்கும் வரும். எதிர்ப்பவர்கள், புகையை விட உதவும் கருவியைச் சிகரெட்டோடு ஒரே கூடையில் போடுவதா என்கிறார்கள். கள்ளச்சந்தை வளரும் என்றும் சொல்கிறார்கள். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை புகையிலையும் வேப்பும் விற்கத் தடை இருந்தபோது சிகரெட் கள்ளத்தனமாகக் கிடைத்துக்கொண்டே இருந்ததால், அந்த வாதத்தை ஒதுக்கித் தள்ள முடியாது.

ஆனால் இரண்டு தரப்பும் அதிகம் பேசாத ஒன்று வரிக்கணக்கு. 2023 ஜூன் 1 முதல் வேப் திரவத்துக்கு மில்லிக்கு 2 ராண்ட் 90 சென்ட் கலால் வரி, நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பின்னர் தொகை ஏறியது, அளவுகோல் மாறவில்லை. முதல் விகிதத்திலேயே போட்டுப் பாருங்கள். சிகரெட்டை விட முயலும் ஒருவர் மில்லிக்கு 3 மி.கி. திரவம் 60 மில்லி வாங்குகிறார்: நிகோடின் 180 மி.கி., வரி 174 ராண்ட். மாணவன் பையில் இருக்கும் 2 மில்லிக் கருவியில் மில்லிக்கு 50 மி.கி. உப்பு: நிகோடின் 100 மி.கி., வரி 5 ராண்ட் 80 சென்ட். ஒரு மில்லிகிராமுக்கு முன்னவர் 97 சென்ட் கட்டுகிறார், பின்னவன் 6 சென்ட்கூடக் கட்டுவதில்லை. செறிவைக் கூட்டினால் வரி குறையும் என்று தயாரிப்பாளருக்கு அரசே சொல்லிக்கொடுத்த மாதிரி இருக்கிறது.

பக்கத்து ரீயூனியன் தீவு பிரெஞ்சுப் பகுதி. ஐரோப்பிய விதி அங்கே செல்லும். மில்லிக்கு 20 மி.கி.க்கு மேல் கூடாது, தொட்டி 2 மில்லி, நிரப்பும் புட்டி 10 மில்லி. ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளை பிரான்ஸ் 2025 பிப்ரவரியில் தடையும் செய்தது. செறிவுக்கு வரம்பு வைப்பது சரியான திசைதான், போதாது. நெஞ்சுக்குள் போகும் நிகோடின் என்பது செறிவை ஆவியாகும் திரவ அளவால் பெருக்கி வருவது. 0.2 ஓம் சுருளில் 70 வாட் செலுத்தினால், 11 வாட் கருவி ஆவியாக்குவதைப் போலப் பல மடங்கு திரவம் ஓர் இழுப்பிலேயே ஆவியாகும். அந்தப் பெரிய தொட்டியில் 50 மி.கி. உப்பை ஊற்றி இழுக்கிறவர்களுக்குத்தான் வாந்தி, தலைசுற்றல், படபடப்பு எல்லாம். சட்டத்தில் வாட்டுக்கும் ஒரு பிரிவு எழுத வேண்டியிருக்கும்.

எழுதினால் யார் சோதிப்பது? பி.எச். பார்க்க மலிவான மீட்டர் போதும். நிகோடின் அளக்க, கலவையைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பி என்ற கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். வேப் வரியில் ஒரு பங்கை அப்படியொரு பொதுச் சோதனைக்கூடத்துக்கு ஒதுக்குங்கள் என்று கேட்பது பேராசையாகத் தோன்றவில்லை. ‘மூலிகை வேப்’, ‘நிகோடின் இல்லாதது’ என்று சீட்டு ஒட்டி வருபவற்றில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

வாசகர் மகனின் கருவியை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ‘5 விழுக்காடு’ என்று போட்டிருக்கும். சின்ன எண்ணாகத் தெரியும். அது மில்லிக்கு 50 மி.கி. அதே செறிவில் நிரப்பும் புட்டி வீட்டில் இருந்தால், 10 மில்லியில் 500 மி.கி. நிகோடின் இருக்கிறது. அது தோல் வழியாகவும் உள்ளே போகும், சிறு குழந்தை குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அழுத்தித் திருகினால்தான் திறக்கும் மூடி இல்லாத புட்டியை வீட்டில் வைக்க வேண்டாம். கையில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தீர்ந்துபோன கருவிக்குள் லித்தியம் பேட்டரி இருப்பதால் அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.