குனிந்தால் வலியா, பின்னால் வளைந்தால் வலியா?

காரிமங்கலம் பக்கத்திலிருந்து அந்த அப்பா தன் மகனை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பின்னால் உட்காரவைத்து தருமபுரியில் பிசியோதெரபிஸ்டான என்னிடம் அழைத்து வந்திருந்தார். பதினைந்து வயதுப் பையன். ஒரே வருடத்தில் பேன்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்ட வளர்த்தி. வலது கை வேகப்பந்து வீச்சாளன். இரண்டு மாதமாக இடுப்பு வலி. "சுளுக்குதான் சார், மூன்று தடவை எண்ணெய் போட்டு வழித்தாகிவிட்டது" என்றார். பிறக்கும்போது கால் முதலில் வந்த ஒருவரைத் தேடிப் பிடித்து முதுகை மிதிக்கவும் வைத்திருக்கிறார்கள்.

குனியச் சொன்னேன். தொடையின் பின்சதை இறுகிப்போய் விரல் தரைக்கு எட்டவில்லை. ஆனால் வலி இல்லை. இடது காலில் மட்டும் நின்று பின்னால் வளையச் சொன்னேன். முகம் சுருங்கியது. இடுப்பின் இடப்பக்கம் கட்டைவிரலை ஊன்றி, "இங்கேதான்" என்றான். ஒரு ரூபாய் காசு வைத்தால் மூடிவிடும் இடம்.

பெரியவர்களின் இடுப்பு வலி வேறு கதை. வளரும் பிள்ளை, அதுவும் விளையாடுகிற பிள்ளை, பின்னால் வளையும்போது வலிக்கிறது என்றால் எனக்கு முதலில் எலும்பின் மீதுதான் சந்தேகம் வரும். கீழ்முதுகின் கடைசி முள்ளெலும்பில், பின்பக்கம் ஒரு மெல்லிய பாலம் போன்ற பகுதி உண்டு. பந்து வீசும்போது முதுகு வளைந்து, சாய்ந்து, திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பாலத்தில் அடி விழுகிறது. வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் நைந்துபோகுமே, அதுபோல. வாலிபாலில் எகிறி அடிக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இதே கதிதான். அவர்களிடம் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, காலைப் பயிற்சிக்கு வெறும் டீயோடு கிளம்புகிறார்களா என்றும் கேட்பேன். சாப்பாடு போதாத உடம்பில் எலும்பு தேறாது.

ஆரம்ப நிலையில் எக்ஸ்ரே பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. "எக்ஸ்ரே நார்மல்" என்ற சொல்லை நம்பி மைதானத்துக்குத் திரும்பிய பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். விரிசல் விழுவதற்கு முன்பே எலும்பு நோவதை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். இவனுக்கும் காட்டியது. அந்த நிலையில் பிடித்தால் பெரும்பாலும் ஓய்விலேயே எலும்பு கூடிவிடும். விட்டால் இருபுறமும் உடைந்து, முள்ளெலும்பு முன்னால் நழுவவும் கூடும்.

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், எடை குறைதல், கால் பலவீனம், சிறுநீர் தடைபடுதல் இருந்தால் என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டிடம் வரவேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயை மறந்துவிட முடியாது.

மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது என்றதும் அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. பும்ராவுக்கே 2019-இல் கீழ்முதுகில் இதுபோன்ற விரிசல் வந்தது, 2023-இல் முதுகில் அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டார் என்றேன். பையன்தான் முதலில் தலையாட்டினான். உண்மையான சிக்கல் ஐந்தாவது வாரத்தில் வரும். வலி போய்விடும், எலும்பு கூடியிருக்காது. "ஒரே ஒரு மேட்ச் சார்" என்று போன் வரும். வந்தது.

எத்தனை பந்து வீசுவான் என்று முதல் நாளே கேட்டிருந்தேன். யாருக்கும் தெரியவில்லை. காலையில் பள்ளி, மாலையில் பயிற்சி, ஞாயிறு டென்னிஸ் பந்துப் போட்டிகளில் மூன்று ஊர் அணிகளுக்கு அவன்தான் முதல் ஓவர். கூட்டிப் பார்த்தால் ஞாயிறு மட்டும் நூற்றுக்கு மேல். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வகுத்திருந்த வரம்பு நாளைக்கு 12 ஓவர், அதாவது 72 பந்து.

இப்போது மெதுவாக மறுபடி வீசத் தொடங்கியிருக்கிறான். கணக்கு அவன் அம்மா கையில். தினமும் கிழிக்கும் நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிவைக்கிறார். ஓவர் கணக்கெல்லாம் தெரியாது என்று ஒவ்வொரு பந்தாக எண்ணுகிறார். எனக்கு வேண்டியதும் அதுதான்.