இருபது நொடிப் பதிவை வைத்துத் தணிப்பைக் கணக்கிடாதீர்கள்

சரிபார்ப்புக்காக இன்னுமோர் எஃகு நடைமேம்பால அறிக்கை வந்திருக்கிறது. இயல் அதிர்வெண் (பாலம் தானாக ஆடும் வேகம்) 2 ஹெர்ட்ஸ், தணிப்பு (ஆட்டம் எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்பதன் அளவு) 1.8 சதவீதம், ஆகவே ஆட்டத்தை அடக்கும் தணிப்பான்கள் தேவையில்லை என்கிறது. அதிர்வுப் பதிவின் நீளத்தைத் தேடினேன். பின்னிணைப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்தது: 20 நொடி. இதே தவறை எத்தனை அறிக்கைகளில்தான் பார்ப்பது?

பதிவை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில், உச்சத்தின் அகலத்தை 0.707 மடங்கு உயரத்தில் அளந்து, அதிர்வெண்ணின் இருமடங்கால் வகுத்துத் தணிப்பைப் பெறும் அரைத்திறன் முறை எல்லோரும் படித்ததுதான். சூத்திரத்தில் குறையில்லை. ஆனால் 20 நொடிப் பதிவில் நிறமாலைப் புள்ளிகளின் இடைவெளியே 0.05 ஹெர்ட்ஸ். உண்மைத் தணிப்பு 0.5 சதவீதமானால் உச்சத்தின் அகலம் 0.02 ஹெர்ட்ஸ்தான்; அதை இந்தப் பதிவில் பார்க்கவே முடியாது. பதிவின் இரு முனைகளையும் படிப்படியாகச் சுழியமாக்கும் ஹானிங் சாளரமும் போட்டால், தணிப்பே இல்லாத தூய சைன் அலைகூட 0.072 ஹெர்ட்ஸ் அகலமாகத் தெரியும். சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள், 1.8 சதவீதம் வரும்! பாலத்தை அளக்காமல் சாளரத்தை அளந்திருக்கிறார்கள். பதிவின் முடிவில் சுழியங்களைச் சேர்த்து வளைவை வழவழப்பாக்கினாலும் அகலம் குறையாது.

இந்தப் பிழை எப்போதும் ஆபத்தான பக்கமே சாய்கிறது. நடையின் தாளம் பாலத்தின் அதிர்வெண்ணோடு ஒன்றும்போது ஆட்டம் பெருகும் ஒத்ததிர்வுப் பெருக்கம் 1.8 சதவீதத்தில் சுமார் 28 மடங்கு, 0.5 சதவீதத்தில் 100 மடங்கு. மனிதர் நடையும் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு காலடிகள்தான், அதாவது இந்தப் பாலத்தின் அதே 2 ஹெர்ட்ஸ்.

ஐ.எஸ். 1893 என்ற இந்திய நிலநடுக்க விதிநூல் ஐந்து சதவீதத் தணிப்பு சொல்கிறதே என்று வாதிடாதீர்கள். அது நிலநடுக்கத்தில் கட்டடம் பலமாகக் குலுங்கும் நிலைக்கானது. நடப்பவர்களாலேயே ஆடிய லண்டன் மில்லேனியம் நடைபாலத்தைப் பாருங்கள்: 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டு இரண்டே நாளில் மூடப்பட்டது. ஆட்டத்தை அடக்க 37 பாகுநிலைத் தணிப்பான்களும் 52 நிறைத் தணிப்பான்களும் பொருத்திய பிறகே, 2002 பிப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள்.

இத்தகைய நடைமேம்பாலத்துக்கு, பதிவைப் பிரித்து ஆராயும் ஒவ்வொரு துண்டும் 250 நொடியாவது இருக்கட்டும். சராசரி எடுக்கப் பல துண்டுகள் வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறைந்து கருவியைக் கழற்றாதீர்கள். கூடவே குதித்து நிறுத்தி, அதிர்வு தேய்வதையும் பதியுங்கள். பத்துச் சுழற்சிகளில் வீச்சு குறைந்த விகிதத்தின் இயல் மடக்கையை 20π-ஆல் வகுத்தால் தணிப்பு கிடைத்துவிடும். அசையாமல் நிற்கும் உடலும் தணிப்பைக் கூட்டும் என்பதால், குதிப்பவர் ஒருவருக்கு மேல் பாலத்தில் யாரும் வேண்டாம். தேய்வில் வீச்சு கூடிக் குறையும் விம்மல்கள் தெரிந்தால், அதிர்வெண்ணில் நெருங்கிய இரு அதிர்வுப் பாங்குகள் (பாலம் ஆடும் வடிவங்கள்) கலந்திருக்கின்றன; அவற்றை வடிகட்டிப் பிரிக்காமல் எண்ணைச் சொல்லாதீர்கள்.

இரு முறைகளின் விடைகளும் ஒத்துப்போகவில்லையென்றால் இரண்டையும் எழுதுங்கள். எந்த வீச்சில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், வீச்சு மாறினால் தணிப்பும் மாறும். பதிவின் நீளத்தை மட்டும், தயவுசெய்து, முதல் பக்கத்திலேயே போடுங்கள்.