செமிபிரைம்: அரையா, இரண்டா?

பாலக்காடு தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 678001. ஒற்றைப்படை எண்; 5இல் முடியவில்லை; இலக்கங்களைக் கூட்டினால் 22, ஆகவே 3ஆலும் வகுபடாது. பார்த்தால் பகா எண் போலத்தான் தெரியும். ஆனால் 31 × 21871 = 678001. அந்த 31, 21871 இரண்டும் பகா எண்கள். இப்படி இரண்டே பகா எண்களைப் பெருக்கி வரும் எண்தான் செமிபிரைம். இரண்டும் ஒரே எண்ணாகவும் இருக்கலாம். 4, 6, 9, 10, 14, 15 எல்லாம் இந்த வகை. 12 சேராது; 2 × 2 × 3 என்று மூன்று வந்துவிடுகிறது.

லத்தீனில் 'செமி' என்றால் பாதி, 'ப்ரீமுஸ்' என்றால் முதலாவது. பகா எண்ணைக் குறிக்கும் தெலுங்கின் 'ப்ரதான சங்க்ய', இலங்கைத் தமிழின் 'முதன்மை எண்' இரண்டும் அந்த 'முதல்' பொருளையே பிடித்துக்கொண்டவை. மலையாளம் வேறு வழியில் போய் 'அபாஜ்ய சங்க்ய' என்கிறது, அதாவது வகுபடாத எண். நம் 'பகா எண்' சொல்வதும் அதைத்தான். அதனால் பாலக்காட்டின் சித்தூர்ப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு மலையாளச் சொல் தடுக்காது. பகுத்தல் இலக்கணத்திலும் பழகியதுதான்: நன்னூலின் பகுபதம், பகாப்பதம். 'பொன்னன்' பொன் + அன் என்று பிரியும், 'மண்' பிரியாது.

செமிபிரைமுக்கு 'அரைப்பகாத்தனி' என்றொரு சொல் புழங்குகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தது; 'பகாத்தனி' என்பதும் பகா எண்தான். இங்கே எதுவும் பாதியாவதில்லை. 'இரட்டைப் பகா எண்' என்றும் சொல்ல முடியாது. அது 11, 13 போல இரண்டு வித்தியாசத்தில் வரும் ஜோடிக்குப் போய்விட்டது. 'இருபகாப் பெருக்கெண்' கொஞ்சம் நீளம்தான், ஆனால் செய்யவேண்டிய கணக்கே அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

சோதிக்கும்போது வர்க்கமூலம் வரை போனால் போதும். 678001க்கு அது 823ஐச் சற்றே தாண்டும். அதுவரை 143 பகா எண்கள். 31 பதினோராவது, சீக்கிரம் அகப்பட்டுவிடுகிறது. தப்பு நடப்பது இதற்குப் பிறகுதான்: ஒரு காரணி கிடைத்ததுமே நிறுத்திவிடுகிறார்கள். 21871 பகா எண்ணா என்று பார்த்தால்தான் விடை முடியும். மறுபடி 2இலிருந்து தொடங்க வேண்டாம். 21871இன் வர்க்கமூலம் 148ஐத் தொடாது, ஆகவே 31இலிருந்து 139 வரை 24 பகா எண்கள் போதும். 31ஐயே விட்டுவிடக் கூடாது, அது இன்னொரு முறையும் வகுக்கலாம் அல்லவா? வகுத்தால் மீதி 16. மற்ற 23லும் மீதி வருகிறது.

இணையத்தில் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் ஆர்எஸ்ஏ மறைக்குறியீடு நிற்பதும் இந்த வகை எண் மேல்தான். அங்கே பெரும்பாலும் 2048 பிட், அதாவது 617 இலக்கம். பெருக்குவது எளிது, பிரிப்பதுதான் மலை. சாவி செய்ய இரு காரணிகளிலிருந்தும் 1ஐக் கழித்துப் பெருக்குவார்கள். நம் பின்கோடுக்கு அது 30 × 21870 = 656100. தற்செயலாக, 810இன் வர்க்கம்.