புனலூர் என்று எழுதி, குப்பை என்று படித்தால்: பைதானின் சி ஹெடர்கள்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழி கொல்லம் போகும் பேருந்துகளின் ஊர்ப்பெயர்களைத் தமிழிலிருந்து மலையாள எழுத்துக்கு மாற்ற ஒரு நிரல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிது. யூனிகோடில் தமிழ் 'க' 2965, மலையாளக் 'க' 3349. 'ழ' 2996, அங்கே 3380. எல்லாம் 384 கூட்டினால் சரி. (புனலூரிலேயே இது இடறும். 'ன'வுக்கு 384 கூட்டினால் வருவது மலையாளிகள் அன்றாடம் எழுதாத ஓர் எழுத்து. 383 கூட்டி 'ந'வுக்கு நேரான எழுத்தில் நிறுத்த வேண்டும்.) லட்சக்கணக்கான வரிகள் என்றால் இந்தச் சுழற்சியைச் சி மொழியில் எழுதி, பைதானில் இறக்குமதி செய்வதே வேகம்.

சி நிரலைக் கம்பைல் செய்ததும் (இயந்திர மொழிக்கு மாற்றப் பார்த்ததும்) பெரும்பாலும் முதலில் வரும் பிழை: 'பைதான்.எச்' கோப்பு இல்லை. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் பைதானை ஓட்டும் பொதியும் அதன் ஹெடர்களும் (பைதானின் உள்ளமைப்பைச் சி நிரலுக்குச் சொல்லும் கோப்புகள்) தனித்தனி. 'பைதான்3-டெவ்' நிறுவ வேண்டும். ஃபெடோராவில் 'பைதான்3-டெவெல்'. இது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை, ஹெடர் கிடைத்து, அது வேறு பதிப்பின் ஹெடராக இருப்பது.

மீட்டர் பாதையில் தண்டவாள இடைவெளி 1000 மில்லிமீட்டர், அகலப்பாதையில் 1676. செங்கோட்டை–புனலூர்ப் பாதை அகலமானது 2018இல். பழைய பெட்டி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் இன்று அதில் நிற்காது. ஹெடர் சொல்வதும் இந்த அளவைத்தான். அதில் இருப்பவை செயற்கூறுகளின் பெயர்கள் மட்டுமல்ல. நினைவகத்தில் எது எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்ற கணக்கும்கூட. மேக்ரோக்கள் (கம்பைல் செய்யும்போதே விரியும் சுருக்கங்கள்) வழியாக அந்த எண் நம் நிரலுக்குள்ளேயே பதிந்துவிடும்.

64-பிட் கணினியில், பைதான் 3.11இல் ஒரு தமிழ்ச் சரத்தின் எழுத்துகள் 72ஆம் பைட்டில் தொடங்கின. 3.12இல் பயன்படாத இரண்டு புலங்களை நீக்கியதால் 56இல் தொடங்குகின்றன. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனியாக எண்ணினால் 'புனலூர்' ஏழு குறியெண்கள். தலா 2 பைட், முடிவுக்குறிக்கு 2, ஆக 16. 56உடன் 16 சேர்த்தால் 72. அதாவது 3.11 ஹெடரால் கட்டிய நிரல் 3.12இல் ஓடினால், சரம் முடிந்த இடத்திலிருந்துதான் படிக்கவே தொடங்கும்! கம்பைலரும், துண்டுகளை இணைக்கும் லிங்கரும் முணுமுணுக்கக்கூட மாட்டா.

இதற்காகத்தான் கோப்பின் பெயரிலேயே '.சிபைதான்-312-எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யு.எஸ்ஓ' என்று நீண்ட வால். வேறு பதிப்பின் வால் இருந்தால் பைதான் அந்தக் கோப்பை ஏறெடுத்தும் பார்க்காது. வாலை வெட்டி வெறும் '.எஸ்ஓ' ஆக்கினால் எந்தப் பதிப்பும் ஏற்றிக்கொள்ளும். அந்த வால் அழகுக்கு அல்ல, வெட்டாதீர்கள்.

ஆக, கட்டும் கருவிக்கு மூன்று தகவல் வேண்டும்: ஹெடர் பாதை, லிங்கருக்கான கொடிகள் (கட்டளையோடு தரும் விருப்பங்கள்), வால். மூன்றையும் ஒரே பைதானிடம் கேட்க வேண்டும். பலர் 'பைதான்3-கான்ஃபிக்' கட்டளையைக் கூப்பிடுவார்கள். மெய்நிகர் சூழலுக்குள் (ஒரு திட்டத்துக்கென்று தனியாக அமைத்த பைதான்) அந்தக் கட்டளை கிடையாது. ஷெல் கணினியின் பொதுக் கட்டளையைப் பிடித்துக்கொள்ளும். ஓடுவது 3.12, கொடிகள் 3.11 என்று கலப்பது இப்படித்தான். எந்தப் பைதானில் நிரல் ஓடப்போகிறதோ அதையே ஓட்டி, 'சிஸ்கான்ஃபிக்' தொகுதியில் 'இன்க்ளூட்' பாதையையும் 'எக்ஸ்ட்_சஃபிக்ஸ்' மதிப்பையும் கேட்பதே நம்பகமானது.

லிங்கரில் இன்னொரு குழப்பம். லினக்ஸில் நீட்சி நிரலை (பைதான் இறக்குமதி செய்யும் நம் சி நிரலை) 'லிப்பைதான்' நூலகத்தோடு இணைக்கத் தேவையில்லை. ஏற்றும் பைதானிடமே அந்தக் குறியீடுகள் இருக்கும். இணைத்தால், அந்த நூலகம் தனிக் கோப்பாக இல்லாத கணினியில் இறக்குமதியே தோற்கும். விண்டோஸில் நேர்மாறு: 'பைதான்312.லிப்' இல்லாமல் லிங்கர் நகராது. பைதானை உங்கள் செயலிக்குள் பொதிக்கிறீர்கள் என்றால்தான் எங்கும் நூலகம் தேவை, 3.8 முதல் அதற்கென்று 'எம்பெட்' கொடியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். சிமேக் என்ற கட்டும் கருவியில் 3.18 முதல் 'டெவலப்மென்ட்.மாட்யூல்', 'டெவலப்மென்ட்.எம்பெட்' எனப் பிரித்தே கேட்கலாம். வெறும் 'டெவலப்மென்ட்' என்று கேட்டால் தேவையில்லாத நூலகத்தையும் தேடும், கிடைக்காவிட்டால் நின்றுவிடும்.

'பேசல்' (Bazel) போன்ற கட்டும் கருவிகள் கறார். அறிவிக்காத கோப்பைக் கண்ணில் காட்டாத கூண்டுக்குள் கட்டுவதே அவற்றின் நோக்கம் என்பதால், கணினியின் ஹெடர் பாதையை நம்ப முடியாது. 'ரூல்ஸ்_பைதான்' விதித்தொகுப்பு, தேர்ந்தெடுத்த பைதானின் ஹெடர்களை 'கரண்ட்_பை_சிசி_ஹெடர்ஸ்' என்றும், நூலகங்களை 'கரண்ட்_பை_சிசி_லிப்ஸ்' என்றும் தனித்தனி இலக்குகளாகத் தருகிறது. நீட்சிக்கு முதலாவது போதும்.

மடிக்கணினியில் ராஸ்ப்பெர்ரி பை என்ற சிறு கணினிக்காகக் கட்டும்போது அந்தப் பைதானை ஓட்டிக் கேட்க வழியில்லை. 3.14 முதல் இந்த விவரங்கள் 'பில்ட்-டீடெய்ல்ஸ்.ஜேசன்' கோப்பில் எழுதியே வருகின்றன; ஓட்டாமல் படிக்கலாம்.

பதிப்புக்குப் பதிப்பு கட்டவே வேண்டாம் என்றால் 'பை_லிமிடெட்_ஏபிஐ' வரையறுத்து, '.ஏபிஐ3.எஸ்ஓ' (.abi3.so) வாலோடு கட்டலாம். விலை உண்டு: பைட் கணக்கைப் பதிக்கும் 'பையூனிகோட்_ரீட்' மேக்ரோ கிடைக்காது, எழுத்துகளைப் படிக்க 'பையூனிகோட்_ரீட்கேர்' போன்ற செயற்கூறுகளை அழைக்க வேண்டும்.

கட்டி முடித்ததும், ஒரு கோப்புக்குத் தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் 'எல்டிடி' கட்டளையில் அதைக் கொடுத்துப் பாருங்கள். லினக்ஸ் நீட்சியில் 'லிப்பைதான்' வரி வரக்கூடாது. பிறகு 'புனலூர்' கொடுத்து, வெளியீட்டில் ஏழு குறியெண்களும் சரியா என்று எண்ணுங்கள்.